மின்னூல் வாசிப்பான்: விளக்கு எங்கே, எழுத்து எங்கே?

புத்தகம் தானாக ஒளி வீசுவதில்லை. சன்னல் வழியே வரும் பகலொளியோ, மேசை விளக்கின் ஒளியோ தாளின்மேல் விழுந்து, அங்கிருந்து எல்லாத் திசைகளிலும் சிதறி, அதில் ஒரு சிறு பங்கு நம் கண்ணை வந்தடையும்போதுதான் எழுத்து நமக்குத் தெரிகிறது. கைப்பேசித் திரை இதற்கு நேர்மாறானது. அது தானே விளக்கு. அதை உற்றுப் பார்ப்பது எரியும் குழல்விளக்கை உற்றுப் பார்ப்பதற்கு ஒப்பாகும். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் ஒரு கருவியைப் பற்றியே இக்கட்டுரை. மின்னூல் வாசிப்பான் என்பது அதன் பெயர். 'கிண்டில்' என்பது அமேசான் நிறுவனம் தன் கருவிக்கு வைத்த பெயரே ஆயினும், ஒளிநகல் எதையும் 'ஜெராக்ஸ்' என்று சொல்லிப் பழகிய நாம் இவ்வகைக் கருவி எதையும் கிண்டில் என்றே அழைக்கிறோம்.

"சார், கிண்டில் வாங்கலாமா?" என்று மாணவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். விளையாட்டான கேள்வியன்று. விளக்குடன் கூடிய கிண்டில் பேப்பர்ஒயிட் 2025இல் புதிய வடிவில் இந்தியாவுக்கு வந்தபோது அதன் விலை ஏறத்தாழ 17,000 ரூபாய். தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்கு வரும் மாணவர் பலரின் வீட்டில் அது ஒரு மாத வருமானம். அந்தப் பணத்துக்கு 200 ரூபாய்ப் புத்தகங்கள் 85 வாங்கிவிடலாம். ஆகவே "நல்ல கருவிதான், வாங்கு" என்று ஒரே வரியில் சொல்லிவிட எனக்கு மனம் வருவதில்லை. ஒளியியல் கற்பிப்பவன் என்ற முறையில் இக்கருவியை நான் பெரிதும் மெச்சுகிறேன். தமிழ் நூல்களைப் படிப்பவன் என்ற முறையில் அதன்மேல் எனக்குக் கடுமையான குறை உண்டு. இரண்டையும் உங்கள் முன் வைக்கிறேன்.

பின்னொளி என்னும் தவறான சொல்

கடையில் விசாரித்தால், "பேக்லைட் இருக்குங்க, ராத்திரியிலயும் படிக்கலாம்" என்பார்கள். விளம்பரங்கள் சிலவற்றிலும் இப்படித்தான் காண்கிறேன். இந்தச் சொல்லே தவறு. ஏன் தவறு என்பதை அறிந்துகொண்டால் கருவியின் பாதிக் குணம் விளங்கிவிடும்.

முதலில் மையைப் பாருங்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்னும் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் ஜேக்கப்சனும் அவருடைய இளம் மாணவர்களான பாரெட் கோமிஸ்கி, ஜே. டி. ஆல்பர்ட் ஆகியோரும் வகுத்த முறை இது. 1998இல் 'நேச்சர்' இதழில் இதனை வெளியிட்டார்கள். திரைக்குள் தலைமயிரின் பருமனே உள்ள நுண்ணிய உறைகள் இலட்சக்கணக்கில் பரப்பப்பட்டுள்ளன. இன்றைய கருவிகளில் ஒவ்வோர் உறைக்குள்ளும் தெளிந்த எண்ணெய் போன்ற நீர்மமும், அதில் மிதக்கும் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் இருக்கின்றன. வெள்ளைத் துகள் டைட்டானியம் டை ஆக்சைடு. சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டில் உள்ள அதே பொருள். வெள்ளைக்கு ஒருவகை மின்னூட்டம், கறுப்புக்கு எதிர்வகை மின்னூட்டம். மின்புலத்தை ஒரு திசையில் செலுத்தினால் வெள்ளை மேலே எழும். திசையை மாற்றினால் கறுப்பு மேலே வரும். மேனிலைப் பள்ளி வேதியியலில், கூழ்மங்கள் என்ற பாடத்தில், மின்முனைக் கவர்ச்சி என்று படித்திருப்பீர்களே, அதுவேதான்!

மின்புலத்தை நீக்கிய பிறகும் துகள்கள் இருந்த இடத்திலேயே நிற்கும். ஆகவே பக்கத்தைத் திருப்பும் கணத்தில் மட்டுமே திரை மின்னாற்றலைச் செலவிடுகிறது. நீங்கள் அந்தப் பக்கத்தை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் திரைக்குச் செலவு ஏதுமில்லை. எழுதிய தாள் தன் எழுத்தைத் தாங்கி நிற்க மின்சாரம் கேட்பதில்லை அல்லவா? இதுவும் அப்படியே.

இப்போது இந்த மையின் பின்னால் ஒரு விளக்கை வைத்தால் என்ன ஆகும்? சுவருக்குப் பின்னால் விளக்கு வைத்த கதையாகும். வெள்ளைத் துகள் அடுக்கு ஒளியை ஊடுருவ விடாது. பெயின்டின் வேலையே மறைப்பதுதானே. ஆதலால் முதலில் வந்த வாசிப்பான்களில் விளக்கே கிடையாது. 2004இல் ஜப்பானில் சோனி நிறுவனம் வெளியிட்ட கருவியிலும், 2007 நவம்பரில் அமெரிக்காவில் வெளிவந்த முதல் கிண்டிலிலும் இருட்டில் படிக்க வேண்டுமானால் மேலே ஒரு சிறு விளக்கைக் கவ்வ வைத்தாக வேண்டும். 2012 ஆகஸ்டில் இந்தியாவில் 6,999 ரூபாய்க்கு விற்கத் தொடங்கிய கிண்டிலும் விளக்கில்லாததே.

அதே 2012இல்தான் மாற்றம் வந்தது. அமெரிக்கப் புத்தக வணிக நிறுவனமான பார்ன்ஸ் அண்டு நோபிள் தன் 'நூக்' கருவியிலும், சில மாதம் கழித்து அமேசான் தன் பேப்பர்ஒயிட்டிலும் விளக்கைப் புகுத்தின. புகுத்திய இடம் திரைக்குப் பின்னால் அன்று, முன்னால்! திரையின் கீழ்விளிம்பில் சில எல்.இ.டி.கள். திரையின்மேல் கண்ணுக்குப் புலப்படாத ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகடு. விளிம்பின் வழியே தகட்டுக்குள் புகும் ஒளி வெளியேற வழியின்றி இரு பரப்புகளுக்கும் இடையே மோதி மோதிச் செல்கிறது. பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கின் ஒளிவிலகல் எண் சுமார் 1.58, எனவே காற்றை நோக்கிய அதன் மாறுநிலைக் கோணம் ஏறக்குறைய 39 பாகை. அதைவிடச் சாய்ந்து வரும் கதிர் முழு அக எதிரொளிப்பு அடைந்து உள்ளேயே சிறைப்பட்டுவிடும். கண்ணாடி இழைத் தொலைத்தொடர்பில் நடப்பதும் இதுவே. பிறகு ஒளி எப்படி மையை அடைகிறது? தகட்டில் நுண்ணிய மேடு பள்ளங்களைப் பதித்துவைக்கிறார்கள். அவற்றில் பட்ட கதிர் திசை மாறி, கீழ்நோக்கி மையின்மேல் விழுகிறது. மையில் சிதறிய ஒளி தகட்டின் வழியே மீண்டும் மேலே வந்து நம் கண்ணில் படுகிறது. மேசை விளக்கைத் தட்டையாக்கிப் புத்தகத்தின்மேல் ஒட்டிவைத்தது போன்ற ஏற்பாடு. மின்விளக்கியலில் நான் கண்ட அழகிய சூழ்ச்சிகளுள் இது ஒன்று.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். நீங்களே சோதித்துப் பாருங்கள். போலராய்டு கறுப்புக் கண்ணாடி ஒன்றைக் கையில் எடுத்து, எல்.சி.டி. திரையுள்ள கைப்பேசியை அதன் வழியே நோக்கிக்கொண்டு மெல்லச் சுழற்றுங்கள். ஒரு நிலையில் திரை இருண்டுவிடும். திரையிலிருந்து வருவது தளவிளைவுற்ற ஒளி என்பதே காரணம். வாசிப்பானை அவ்வாறு பார்த்தால் தாளைப் போலவே இருக்கும்; எவ்வளவு சுழற்றினாலும் மாறாது. இன்னொரு சோதனை: இருட்டறையில் வாசிப்பானின் விளக்கை முழு அளவில் வைத்து, திரையின் கீழ்விளிம்பைச் சாய்வாக நோக்குங்கள். எல்.இ.டி. இருக்குமிடங்களில் ஒளி சற்றுச் செறிந்து காணப்படும். 2012ஆம் ஆண்டின் பேப்பர்ஒயிட்டில் நான்கே எல்.இ.டி.கள், அதனால் கீழ்ப்பகுதியில் நிழல் திட்டுகள் தெரிகின்றன என்று அக்காலத்தில் பலர் குறை கூறினர். 2021இல் வெளியான வடிவில் 17 எல்.இ.டி.கள் வந்தன, குறை பெரும்பாலும் நீங்கிற்று. ஆனால் இம்முறையின் இயல்பான பலவீனம் ஒன்று நீங்காது. தகட்டில் ஒரு கீறல் விழுந்தாலும் அந்த இடத்தில் அக எதிரொளிப்பு கெட்டு, ஒளி கசிந்து, கீறல் இருட்டில் வெள்ளிக் கோடாக மின்னும். சில்லறைக் காசும் சாவியும் கிடக்கும் பைக்குள் உறையின்றி இதைப் போடுபவர் ஒரு வாரத்தில் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்வார்.

வெயிலும் நிழலும்

சென்னையில் பகல் வெயில் தரையில் 1,00,000 லக்ஸ் அளவு ஒளியூட்டும். வீட்டுக் கூடத்தில் இரவில் 100 லக்ஸ் கிடைத்தால் அதிகம். ஆயிரம் மடங்கு வேறுபாடு! இரண்டிலும் நம் கண் எழுத்தைப் படித்துவிடுகிறது என்பது வியப்புக்குரியது.

நல்ல வெள்ளைத் தாள் தன்மேல் விழும் ஒளியில் 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். மின்மைத் திரையோ 40 விழுக்காட்டுக்குச் சற்று மேல்தான் திருப்பும். இதை விற்பவர் எவரும் சொல்வதில்லை. விளக்கை அணைத்துவிட்டு வாசிப்பானை ஒரு வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பாருங்கள். பழைய செய்தித்தாள் போலச் சாம்பல் நிறமாகத் தெரியும். 100 லக்ஸ் உள்ள அறையில் தாளின் ஒளிர்வு சதுர மீட்டருக்கு 25 கேண்டெலா என்றால், வாசிப்பானுக்கு 13 அளவே கிடைக்கும். குறையும் 12 கேண்டெலாவை இட்டு நிரப்புவதே முன்விளக்கின் உண்மையான பணி. விளக்கு இருட்டுக்கு மட்டும் என்று எண்ணாதீர்கள். மங்கலான வெளிச்சமுள்ள நம் வீடுகளில் அது எப்போதும் சிறிதளவு எரிந்தால்தான் தாளுக்கு ஈடாகும். விளக்கில்லாத மலிவு வகை பழைய வாசிப்பானை யாராவது பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் இதை நினைவில் கொள்க.

வெயிலில் கணக்கு தலைகீழாகிறது. கோபாலபுரத்தில் எங்கள் மொட்டைமாடியில் பகல் 12 மணிக்கு வாசிப்பானையும் கைப்பேசியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். அந்த வெயிலில் வாசிப்பானின் ஒளிர்வு சதுர மீட்டருக்கு 13,000 கேண்டெலா வரை வரும். நடுத்தர விலைக் கைப்பேசியின் திரை 500 முதல் 1,000 வரை தரக்கூடும். அதன் கண்ணாடியில் வானமும் என் முகமும்தான் தெரிந்தன. எழுத்தைத் தேட வேண்டியிருந்தது. வாசிப்பானில் அடிக்குறிப்பு வரை படிக்க முடிந்தது. கதீட்ரல் சாலைச் செம்மொழிப் பூங்காவில், இலைகளின் ஊடே வெயில் புள்ளி புள்ளியாக விழும் இருக்கையில் அமர்ந்தும் பார்த்தேன். அங்கும் வாசிப்பானுக்கே வெற்றி.

ஆனால் வெயில் என்றால் ஒளி மட்டுமா? வெப்பமும்தானே! இத்தகைய கருவிகள் பலவற்றின் பாதுகாப்புக் குறிப்பில், 35 பாகை செல்சியசுக்கு மேல் இயக்க வேண்டாம் என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அக்கினி நட்சத்திரத்தில் 40 பாகையைத் தாண்டும் நம் ஊரில் இது நகைப்புக்குரிய வரி. வெயிலில் படிக்கலாம் என்று விளம்பரம் காட்டும் கடற்கரை நம் மெரினா அன்று போலும்.

மின்கலத்தின் வாரக் கணக்கு

ஒருமுறை மின்னேற்றினால் 'ஆறு வாரம்' வரும் என்று பேப்பர்ஒயிட்டுக்குப் பல ஆண்டுகள் விளம்பரம் செய்தார்கள். அடிக்குறிப்பைப் பாருங்கள்: நாளொன்றுக்கு அரை மணி நேரம் படித்தால், கம்பியில்லாத் தொடர்பை நிறுத்திவைத்தால், விளக்கை நடுத்தர அளவில் வைத்தால் என்று இருக்கும். 42 நாள், நாளுக்கு அரை மணி; ஆகமொத்தம் 21 மணி நேரம். அவ்வளவே! 2024இன் வடிவுக்குச் சொல்லப்படும் 12 வாரம் என்பது இதே கணக்கில் 42 மணி நேரம். தேர்வுக் காலத்தில் நாளுக்கு ஐந்து மணி நேரம் படிக்கும் மாணவனுக்கு இது எட்டு நாள்தான். பொய் என்று சொல்ல மாட்டேன். மணியில் சொல்ல வேண்டியதை வாரத்தில் சொல்வது வியாபாரம்.

ஆயினும் 21 மணி நேரமும் அற்பமானதன்று. 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது நகரின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. கைப்பேசிகள் மறுநாளே அணைந்தன. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் புத்தகம் படித்தால் கண் படும் பாடு நமக்குத் தெரியும். முன்விளக்குக்குத் தேவைப்படும் மின்திறன் மிகச் சிறிது. ஒளி நேரே பக்கத்தின்மேல் மட்டுமே விழுவதால் வீணாவதில்லை. அறை முழுவதையும் ஒளியூட்டி அதில் ஒரு கையகலப் பக்கத்தைப் படிக்கும் நம் வழக்கத்தோடு ஒப்பிட்டால் இதன் சிக்கனம் விளங்கும்.

தூக்கம் கெடுமா?

இரவில் இதைப் படித்தால் தூக்கம் கெடும் என்று பத்திரிகைகள் எழுதின. அச்செய்தியின் மூலம் 2014 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு. ஆன்மேரி சாங் முதலியோர் 12 பேரை வைத்து நடத்தியது. உறங்கச் செல்லுமுன் நான்கு மணி நேரம், ஐந்து இரவுகள், ஒளிவீசும் கருவியில் படித்தவர்களுக்கு அச்சுப் புத்தகம் படித்தபோதைவிடச் சுமார் பத்து நிமிடம் தாமதமாகத் தூக்கம் வந்தது. மெலட்டோனின் என்னும் சுரப்பும் குறைந்தது. நல்ல ஆய்வுதான். ஆனால் அதில் பயன்படுத்திய கருவி ஐபேட்; அதுவும் முழு ஒளியில்! முகத்தை நோக்கி ஒளி வீசும் எல்.சி.டி. பலகையின் குற்றத்தை, மையை நோக்கி ஒளி வீசும் வாசிப்பானின் தலையில் கட்டிவிட்டார்கள். 'பின்னொளி' என்ற அந்த ஒரு தவறான சொல் விளைத்த குழப்பம் இது.

இரவில் விளக்கைத் தாழ்த்தி வைத்துப் படித்தால் அஞ்சத் தேவையில்லை என்பது என் கருத்து. வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் நீல எல்.இ.டி.யே, அதன்மேல் பூசிய மஞ்சள் ஒளிர்பொருள் சேர்ந்து வெண்மை ஆக்குகிறது. ஆகவே நீலம் சற்று மிகும். 2021 முதல் பேப்பர்ஒயிட்டில் மஞ்சள் சாயலுக்கும் மாற்றிக்கொள்ளலாம். பழைய குண்டு பல்பின் கீழ் படித்து வளர்ந்தவர்களுக்கு அது பிடிக்கும். இதற்காகவே அதிகப் பணம் கொடுக்க வேண்டுமா என்றால், வேண்டாம்.

இனி, எழுத்து

இதுவரை சொன்னவற்றில் நிறையே மிகுதி. இதுவரை சொன்னது ஆங்கில நூலுக்கும் தமிழ் நூலுக்கும் பொது. குறை தமிழ்ப் பக்கத்தைத் திறக்கும்போதுதான் தொடங்குகிறது.

'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோட் முறையில் கணினி இதைச் சேமிக்கும் வரிசை: முதலில் 'க', அடுத்து ஒகரக் குறி. ஆனால் திரையில் வரையும்போது அக்குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பைக் 'க'வின் இடப்புறமும் காலை வலப்புறமும் இட வேண்டும். இதற்கென ஒரு வரைவுச் செயலி கருவிக்குள் இருந்தாக வேண்டும். ஆங்கிலத்துக்கு இது தேவையில்லை. ஓர் எழுத்துக்குப் பின் அடுத்த எழுத்து என்று அடுக்கினால் போதும். ஆங்கிலத்துக்கெனச் செய்த பழைய வாசிப்பான்களில் தமிழ்க் கோப்பைத் திறந்தால் கட்டங்கள் வரும்; அல்லது கொம்பு தன் எழுத்தை விட்டுவிட்டு வேறெங்கோ நிற்கும். இதனால்தான் தன்னார்வலர்கள் நடத்தும் 'ஃப்ரீதமிழ்இபுக்ஸ்' தளத்தில், எழுத்துருவை உள்ளேயே பதித்து, 6 அங்குலத் திரைக்கு அளவாகப் பக்கம் பிரித்த தனிப் பி.டி.எஃப். கோப்பையும் சேர்த்து வெளியிடுகிறார்கள். எந்த நிறுவனமும் செய்யாத வேலையை நான்கு பேர் உட்கார்ந்து நம் கருவியின் அகலத்தை அளந்து செய்தார்கள் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். அமேசான் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழி நூல்களுக்குக் கடை திறந்தது 2016 டிசம்பரில்தான். அதன்பின் எழுத்தாளர்கள் பலர் தம் நூல்களை நேரே அங்கு வெளியிட்டார்கள். கொம்பு இப்போது தன் இடத்தில் நிற்கிறது.

எனினும் சிறு குடைச்சல்கள் உண்டு. தமிழ்ச் சொல் நீளமானது. 'சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று ஒரே சொல் ஒரு வரியை அடைத்துவிடும். எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கினால் 6 அங்குலத் திரையில் வரிக்கு மூன்று சொற்களே நிற்கும். இருபுற விளிம்பையும் நேராக்க முயலும் கருவி, சொற்களுக்கு இடையே மாட்டுவண்டி போகும் அளவுக்கு இடம் விடுகிறது. அச்சுக் கோப்பவர் சொல்லை வரியின் கடைசியில் பொருத்தமான எழுத்தில் முறித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவார். கருவிக்கு அந்தக் கை வரவில்லை. விளிம்பை நேராக்காமல் இடப்புறம் மட்டும் சீராக வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. அதைத் தேர்ந்துகொண்டால் பாதித் தொல்லை குறையும்.

பெருங்குறை இதுவன்று. விலைக்கு விற்கும் கதை நூல்கள் எழுத்துக் கோப்பாகவே வருகின்றன. ஆனால் அறிவியலும் வரலாறும் ஆராய்ச்சியும் படிக்க விரும்பும் தமிழ் மாணவனுக்குத் தேவையான நூல்கள் எங்கே இருக்கின்றன? தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பல்லாயிரம் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பெரும் செல்வம். மறுபதிப்புக் காணாத அறிவியல் நூல்களை அங்கு கண்டு நான் மகிழ்ந்ததுண்டு. ஆனால் அவை நூல்கள் அல்ல, நூல்களின் நிழற்படங்கள். பக்கத்தைப் படமெடுத்து வைத்திருக்கிறார்களே தவிர, எழுத்தை எழுத்தாக வைக்கவில்லை. வாசிப்பானுக்குப் படம் என்றால் படம்தான். அதில் எழுத்தைப் பெரிதாக்கவோ, வரியை மடக்கவோ, ஒரு சொல்லைத் தேடவோ அதனால் முடியாது. கருவியின் சிறப்புகளில் விளக்கு ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் அங்கே பயனற்றுப் போகின்றன.

அளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். 6 அங்குலத் திரை என்பது மூலைவிட்டம். அகலம் 91 மி.மீ.தான். 210 மி.மீ. அகலமுள்ள ஏ4 பக்கத்தை அதில் அடக்கினால் 12 புள்ளி எழுத்து 5 புள்ளியாகச் சுருங்கும். மருந்துப் புட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுத்தாளின் எழுத்து நினைவுக்கு வரும். 7 அங்குலத் திரையில் 6 புள்ளி. 14 செ.மீ. அகலமுள்ள டெம்மி அளவு நூல் 7 அங்குலத்தில் ஒருவாறு தேறும். 11 புள்ளி எழுத்து 8 புள்ளிக்குச் சற்று மேல் நிற்கும். ஆனால் பழைய நூலின் தாள் பழுப்பேறியிருக்கும். 16 சாம்பல் நிறங்களே காட்டத் தெரிந்த திரையில் அந்தப் பழுப்பும் ஒரு சாம்பலாகி, எழுத்துக்கும் பின்புலத்துக்கும் உள்ள வேறுபாடு மங்கிவிடும். இங்கே விளக்கைக் கூட்டியும் பயனில்லை. ஒளி இரண்டையும் ஒரே மடங்கில்தான் கூட்டும், விகிதம் மாறாது. இயற்பியல் மாணவர்கள் இந்த ஒன்றையாவது கவனிக்க வேண்டும்: குறைந்த வெளிச்சத்துக்கு விளக்கு மருந்தாகும், குறைந்த வேறுபாட்டுக்கு ஆகாது.

இதற்கு மாற்று இல்லையா? 1998ஆம் ஆண்டு பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் அவர்கள் சுவிட்சர்லாந்திலிருந்து தொடங்கிவைத்த மதுரைத் திட்டத்தில், உலகெங்கும் உள்ள தமிழர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு, பிழை திருத்தி, எழுத்தாகவே தந்தார்கள். தமிழ்ப் பக்கம் ஒன்றில் 1,500 குறியீடுகள் என்று கொண்டால், ஒன்றுக்கு 3 பைட் வீதம் 200 பக்க நூல் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கும். அதே நூலைப் படமாக வைத்தால் இருபது முப்பது மடங்கு ஆகும். கடைசியில் படிக்கவும் முடியாது. பட எழுத்தைக் கணினியே உணர்ந்து எழுத்தாக மாற்றும் முறைகள் இன்று தமிழுக்கும் வந்துவிட்டன. 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் 'ணை', 'லை', 'னை', 'றா' போன்றவை பழைய வடிவில் இருப்பதால் அங்கே பிழை மிகும். மனிதர் உட்கார்ந்து திருத்த வேண்டும். செலவு பிடிக்கும் வேலைதான். படமெடுத்து முடித்ததோடு பணி முடிந்துவிட்டது என்று பொது நூலகங்கள் இருந்துவிடுவதை நான் ஏற்கமாட்டேன்.

பாடநூலைப் பற்றி ஒரு வார்த்தை. மின்தடைகளின் நிறக் குறியீட்டை இதில் படிக்க முயன்றால் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகத் தெரியும். நிறமாலைப் படத்தின் கதி சொல்ல வேண்டியதில்லை. 2024இல் வண்ண வாசிப்பான்கள் கிண்டிலிலும் வந்துவிட்டன; மையின்மேல் நிற வடிகட்டிகளை வைப்பதால் திரும்பும் ஒளி இன்னும் குறைகிறது, விலையோ கூடுகிறது. பாடநூல் படிக்க இதை வாங்குவதாக இருந்தால் வாங்கவே வேண்டாம்.

பிறகு, வாங்கிய நூல் யாருடையது? 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை, பதிப்புரிமைச் சிக்கல் என்று சொல்லி, வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்து அமேசான் தொலைவிலிருந்தே நீக்கிற்று. பணத்தைத் திருப்பித் தந்தது. 2025 பிப்ரவரி 26இல், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கம்பி வழியே கருவிக்கு மாற்றும் வசதியையும் நிறுத்திவிட்டது. எங்கள் கோபாலபுரத்தில் 1955இல் தொடங்கப்பட்ட ஈஸ்வரி வாடகை நூலகத்தின் புத்தகங்களை அறிந்தவர்கள், ஒரே பிரதி எத்தனை கை மாறும் என்பதை அதன் முதுகைப் பார்த்தே சொல்வார்கள். அண்ணன் படித்த நூல் தம்பிக்கு, தம்பி படித்தது அடுத்த வீட்டுக்கு என்பதுதான் பணமில்லாத வீடுகளில் படிப்பு வளர்ந்த வழி. 17,000 ரூபாய்க் கருவியை அப்படி யாரும் கைமாற்றிவிட மாட்டார்கள். அதிலுள்ள நூலைத் தனியே எடுத்துக் கொடுக்கவும் முடியாது.

இத்தனைக்கும் பிறகு வாங்க நினைப்பவர்கள், நண்பர் எவரிடமேனும் இக்கருவி இருந்தால் ஒரு நாள் இரவல் பெறுங்கள். நீங்கள் உண்மையில் படிக்கவிருக்கும் கோப்புகளில் மூன்றை அதில் ஏற்றுங்கள்: ஒரு மதுரைத் திட்ட நூல், மின்னூலகத்திலிருந்து ஒரு பழைய அறிவியல் நூல், உங்கள் துறையின் வினாத்தாள் ஒன்று. விளம்பரத்தில் காட்டும் ஆங்கில நாவலைத் திறந்து பார்த்து மயங்க வேண்டாம். முதல் கோப்பு எப்படியும் நன்றாகவே இருக்கும். மற்ற இரண்டையும் கருவியை நிமிர்த்திப் பிடித்துப் படிக்க முடியவில்லை என்றால், அதைப் பக்கவாட்டில் திருப்பி, பக்கத்தைக் குறுக்குவாட்டில் வைக்கும் வசதியைத் தேர்ந்து பாருங்கள். 7 அங்குலத் திரையின் நீளம் 142 மி.மீ.; ஏ4 பக்கத்தின் 12 புள்ளி எழுத்து அப்போது 8 புள்ளியாக வரும். ஒரு பக்கத்தை இரண்டு முறை நகர்த்திப் படிக்க நேரிடும். அப்படி இருபது பக்கம் படித்துப் பார்த்து, அதன்பின் பணத்தை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.